என் வீட்டுக்கே மோடம் கழற்றப் போனேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அன்பு என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது, அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன். நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, உடம்பு சரியில்லாதவளால் அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே இவ்வளவு வேலை செய்ய முடியாது. போனில் திட்டலாம் என்றால் நான் வாயைத் திறந்ததுமே அம்மாகிட்ட குடுங்கப்பா என்பாய், அவளும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி, பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகாதே.

நீ அனுப்பிய பார்சலில் போர்வை மட்டும்தான் இருந்தது என்று நம்பிய முட்டாள் நான். அந்தப் போர்வைக்குள் இன்டர்நெட் மோடத்தைச் சுருட்டி அனுப்பியிருக்கிறாய். உன் அப்பன் கேபிள் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், சொந்த மோடம் வைக்கக் கூடாது, கம்பெனி பெட்டிதான் வைக்கணும் என்று வீடு வீடாகச் சொல்லிக் கழற்றிவிட்டு வருகிறவன், அவன் வீட்டிலேயே ஒன்றை மாட்டுகிறோமே என்று உனக்குக் கொஞ்சமாவது உறைத்ததா? அம்மாவுக்குப் பாடம் வேறு எடுத்திருக்கிறாய். கம்பெனிக்குப் போன் போடு, பழைய பெட்டி போய்ப் புதுசு வந்திருக்கு என்று மட்டும் சொல்லு, அடியில் ஒட்டியிருக்கிற நம்பரைப் படி, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே என்று. போனை எடுத்தது புதிதாகச் சேர்ந்த பெண், அதுவும் நம்பரைப் பதிந்து லைனைத் திறந்துவிட்டது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், கம்பெனி பெட்டியை ஹாலில் அதே இடத்தில் கரண்டில் செருகி வைக்கச் சொன்னாய் பார், அதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. நிஜ மோடம் துணி அலமாரிக்குப் பின்னால் ஓடுகிறது, ஹாலில் அந்தப் பெட்டி வெறும் பச்சை விளக்கை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவன் வீட்டுப் பெட்டியைப் பார்க்கிறவன் தன் வீட்டுக்கு வந்தும் அதையே உற்றுப் பார்ப்பானா? இப்போதெல்லாம் லைன் அறுபடுவதே இல்லையே என்று அதன் தலையில் தட்டிக்கொடுத்திருக்கிறேன். ஆபீசில் போய், ஜனங்க சும்மா குறை சொல்றாங்க, என் வீட்ல நம்ம பெட்டி ஜம்முனு ஓடுது என்று பீற்றிக்கொண்டேன், அதை உன் அம்மாவிடம் வந்து பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று அவள் எழுந்து ஓடினாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை, சிரிக்கப் போயிருக்கிறாள்.

போன வாரம், வாடகை வராத லைன் எதெது என்று எங்கள் மேனேஜர் தோண்டியிருக்கிறார். கம்பெனி பெட்டிக்கு மாத வாடகை உண்டல்லவா, அவர் கண் எப்போதும் அதில்தான். காலையில் ஆபீசில் வேலை பிரித்துக்கொடுக்கிற பெண்மணி ஒரு சீட்டை நீட்டி, முகவரியைப் படிச்சுட்டுக் கிளம்புங்க என்றார். வெளி மோடம், கழற்றவும் என்று போட்டு, கீழே நம் வீட்டு முகவரி. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், பையில் சாவி இருந்தும் என் வீட்டு வாசலில் நின்று மணி அடித்தேன். உன் அம்மா கழுத்தில் இயர்போனோடு வந்து கதவைத் திறந்தாள், சீருடையைப் பார்த்தாள், கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள், என்ன சார் வேணும் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயால் சார் என்று கேட்டது அன்றைக்குத்தான். நானும் விடவில்லை. வெளி மோடம் வெச்சா தெருவுல எல்லார் லைனும் கெட்டுடும்மா, கம்பெனி விதி என்று எல்லா வீட்டிலும் ஒப்பிக்கிறதை ஒப்பித்தேன். சரி சார், அந்த விதிய எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத் தாராளமா கழட்டுங்க என்றாள். எழுதிக் கொடுக்கிற வழக்கமெல்லாம் கிடையாது என்று சொல்லி அலமாரியை நகர்த்தி ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

அப்போது ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் பாதி போய்க்கொண்டிருந்ததாம். டாக்டர் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாள் என்று எனக்குத் தெரியும், அதில் இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. சத்தம் போடவில்லை. நின்றுபோன திரையைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு தடவை பாதியில அறுந்தா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு சொல்லியிருக்காங்க என்றாள். என்கிட்ட ஏன் சொல்லலை என்று கேட்டேன். சொன்னேனே, பெட்டிய அணைச்சுப் போடுன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டீங்க என்றாள். வாடிக்கையாளருக்குச் சொல்கிற பதிலை அவளுக்கும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் உன்னிடம் போயிருக்கிறாள். எனக்கு வலித்தது, உன் மேல் கோபம் இரட்டிப்பானது, அவளுக்கு வேலை போகப்போகிறது என்பது கண்காணாத இடத்தில் இருக்கிற உனக்குத் தெரிகிறது, ஒரே கூரைக்குக் கீழே படுக்கிற எனக்குத் தெரியவில்லை.

நேராக மேனேஜரிடம் போய், அந்த விதியை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வீட்டில் கேட்கிறார்கள் என்றேன். விதின்னு ஒண்ணு இருந்தா நான் ஒரு கடுதாசி அனுப்பிட்டுச் சும்மா இருப்பேனே, உன்னை எதுக்குய்யா அனுப்பறேன் என்றார். சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். அந்த ஆளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா அதே இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள், இயர்போன்கூடக் கழற்றவில்லை. நான் அலமாரிக்குப் பின்னால் போய் ஒயரைத் திரும்ப மாட்டினேன், லைனை என் மீட்டரில் சோதித்தேன், தெருக் கம்பத்திலும் போய்ப் பார்த்தேன், ஒரு கெடுதலும் இல்லை. அதை அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதினேன், சோதித்தேன், கெடுதல் இல்லை, கூடாது என்று எழுத்தில் எந்த விதியும் இல்லை என்று மேலதிகாரியே சொன்னார், ஆகவே கழற்றவில்லை என்று. கையெழுத்தும் என் ஊழியர் எண்ணும் போட்டு மேனேஜர் மேஜையில் வைத்தேன், ஒரு நகல் உன் அம்மாவுக்கு. ரிப்போர்ட்டைச் சாயந்திரத்துக்குள் அனுப்பிவிட்டாள், இந்த ஒரு தடவை விட்டுவிட்டார்களாம். என்னைத்தான் கம்பெனி விடவில்லை. திங்கட்கிழமை சீருடையும் கருவிப் பையும் எடுத்துக்கொண்டு தலைமை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஆள் யாராவது கழற்ற வந்தால் விதியை எழுதித் தராமல் கதவைத் திறக்காதே என்று அவளிடம் சொன்னேன். நீங்க வந்தாலுமா என்றாள். நான் வந்தாலும்தான் என்றேன்.

வருத்தப்பட்டு போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். லீவு போட்டுக்கொண்டு ஓடியும் வராதே. உனக்கு வலிக்கிற அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் பிடுங்கிவிடு, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. நல்லா இரு, நீண்ட நாள் இரு, கோபத்தில் சொன்னாலும் பலிக்கும். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேருவதற்குள் என் வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று உன் அம்மா உன்னிடம் சொல்லி முடித்திருப்பாள், அந்த மோடம் வழியாகவேதான் சொல்லியிருப்பாள். வேலை போனால் போகட்டும். ஆனால் இனிமேல் அவளுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் என்னிடம் சொல். அதற்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றுங்கள்.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அப்பா