நீங்களே வாசித்த ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நேற்று மதியம் ஆரப்பாளையத்தில் மில் சங்கு ஊதியபோது நான் வாசலுக்கு எதிரே நின்றிருந்தேன். வேலை முடிந்து வெளியே வந்த பெண்களின் தலையெல்லாம் பஞ்சு. இயந்திர எண்ணெயும் வேர்வையும் கலந்த அந்த வாசனை வந்ததுமே, கூட்டத்தில் உங்களைத் தேடினேன். நீங்கள் போய் ஆறு வருடமாகிவிட்டது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நாம் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தோம். நான் மிஷன் பள்ளிக்குப் புதிதாக வந்த இருபத்திரண்டு வயது வாத்தியாரம்மா. நீங்கள் மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்வந்த, நாற்பதை நெருங்கிய விதவை. உங்கள் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் உங்களை நிறுத்தினார். "பெத்தவ செஞ்ச பாவந்தான் பிள்ளை கண்ண மறைச்சிருக்கு. மனந்திரும்பு தாயி. வேதத்துல அப்படித்தான் இருக்கு." அவர் கெட்டவர் அல்ல, இரக்கத்தோடுதான் சொன்னார். மகள் உங்கள் கையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே என் வீட்டுக்கு வந்தீர்கள். "வாத்தியாரம்மா, நெசமாவே அப்படித்தான் இருக்கா?"

சீடர்கள் இயேசுவிடம் இதே கேள்வியைக் கேட்ட இடம் ஒன்று உண்டு என்று சொல்லி, வேதபுத்தகத்தைத் திறந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துத் தடுத்தீர்கள்.

"பதிலச் சொல்லிப்புடாதீக. நீங்க வாசிச்சா, எம்மேல இரக்கப்பட்டுச் சொல்லுதீகன்னுதான் தோணும். எம் மகளுக்கு நானே வாசிச்சுக் காட்டணும். எழுத்தச் சொல்லிக் குடுங்க."

ஒன்றரை வருடம் பிடித்தது. சோற்றுத் தூக்கோடு சிலேட்டையும் மில்லுக்குக் கொண்டுபோனீர்கள். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஞாயிறு மதியங்களில் என் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல நிதானமாகப் பார்த்தீர்கள். படிக்கப் படிக்கக் கேள்விகளும் வந்தன. இயேசு வீட்டுக்கு வந்தபோது அவர் பேச்சைக் கேட்க உட்காராமல் மார்த்தாள் வேலை செய்ததில் என்ன தப்பு என்று கேட்டீர்கள். படித்த காலத்தில் மிஷன் விடுதியில் வசனங்களை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். ஒரு வசனத்தைப் பார்த்து ஏன் என்று கேட்டதில்லை. உங்களுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் வேதத்தை முதல்முறையாக உண்மையில் படித்தேன்.

பிறகு, சபையார் அப்பமும் ரசமும் பகிரும் அந்தத் திருவிருந்து ஞாயிறு. போதகர் வந்திருந்தார். சாட்சி சொல்லும் நேரத்தில் மகளையும் அழைத்துக்கொண்டு முன்னால் போனீர்கள்.

"மனப்பாடமாச் சொல்லப்போறியா தாயி?" என்றார் மூப்பர்.

"இல்லங்கய்யா. வாசிக்கப்போறேன்."

வரியின்மேல் விரல் வைத்து வாசித்தீர்கள். ஒரு சொல்லில் தடுக்கி நின்றீர்கள். நீங்கள் பதறவில்லை. திரும்ப முதல் எழுத்திலிருந்து தொடங்கி அந்தச் சொல்லைக் கடந்தீர்கள். பிறவிக் குருடனைப் பற்றிய கேள்வி வந்தது. அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு சொன்ன பதிலும் வந்தது. நிமிர்ந்து போதகரைப் பார்த்தீர்கள்.

"இன்னொரு தடவ வாசிக்கவாய்யா?"

"வாசிங்கம்மா."

இரண்டாவது முறை உங்கள் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. முடித்ததும் மகள் உங்கள் சேலையை இழுத்தாள். "அப்ப எம்மேல ஆருக்கும் கோவம் இல்லையாம்மா?"

"இல்லடா. ஒருநாளும் இருந்ததில்ல."

மூப்பர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்து வந்தார். "அம்புட்டுத் தடவ இத வாசிச்சிருக்கேன். உன்ன நெனச்சு ஒரு தடவகூட வாசிக்கலையே தாயி. என்ன மன்னிச்சிரு." சபையார் முன்னால் கைகூப்பினார். நீங்கள் புத்தகத்தை அவரிடம் நீட்டி, "அடுத்தத நீங்க வாசிங்கய்யா, நான் கேக்கேன்" என்றீர்கள். அதன்பின் நாம் பாடிய பாட்டில் தெருவே திரும்பிப் பார்த்தது.

மறு ஞாயிறு என் வீட்டு வாசலில் ஏழு பெண்கள் சிலேட்டோடு நின்றார்கள். சிரித்தவர்களில் நான்கு பேர் அதில் இருந்தார்கள்.

பார்வையற்றோர் பள்ளிக்கு மகளை அனுப்பினீர்கள். காய்ச்சலில் நீங்கள் போனபோது, அடக்க ஆராதனையில் புள்ளி எழுத்துகளை விரலால் தடவி அவள்தான் வேதம் வாசித்தாள். நீங்கள் வாசித்த பகுதியை அல்ல, அதற்கு அடுத்த அதிகாரத்தை. ஏன் என்று கேட்டேன். "அம்மா வாசிச்சது எனக்கு மனப்பாடம் டீச்சர். இது நானாப் படிச்சது" என்றாள்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை, "அப்படித்தான்னு சொன்னாங்க" என்றால், புத்தகத்தை அதன் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன். ஜெபத்திலும் இப்போதெல்லாம் கேள்வி கேட்கப் பயப்படுவதில்லை. இந்த இரண்டும் நீங்கள் தந்தவை.

அடுத்த மாதம் நம் சபையில் பெண்களுக்கு வேதபாட வகுப்பு நடத்த உங்கள் மகள் வருகிறாள். நான் பேர் கொடுத்துவிட்டேன் அக்கா. முதல் வரிசையில் உட்காரப்போகிறேன்.