குறட்டைத் தாளம்

நெய்வேலி, பிளாக் 21
2.12.2024

அன்பு மகள் இசைப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சௌக்கியம். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். கிதாரும் கையுமாக நீ சென்னை மேடைகளில் கதை சொல்லிப் பாடுவதைச் சுரங்கக் கேன்டீனில் எல்லோரும் போனில் பார்க்கிறார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் நேற்று என்னோடு வேலை செய்யும் தனகோடி, "இன்னாண்ணே, ஒங்க கொறட்டைய வச்சே பொண்ணு பாட்டு கட்டிக்கினு இருக்குதே" என்று சிரித்தான். மைன்ஸ் முழுக்க இதே பேச்சு. பொங்கலுக்கு நம் பிளாக் விழாவில் பாட வருகிறாய். அப்பன் மானத்தை வாங்காதே அம்மா. அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்.

உன் அப்பா,
சிங்காரவேலு

சென்னை
9.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அது கேலி இல்லை அப்பா. நைட் ஷிஃப்ட் முடித்து நீங்கள் பகலில் தூங்கும் வாரங்களில் அம்மா குக்கரைக்கூட விசிலடிக்க விடமாட்டார். நான் கிதார் கம்பிகளுக்கு அடியில் கைக்குட்டையைச் செருகி, நகம் படாமல் விரல் சதையால் வாசித்துப் பழகினேன். இந்த மெல்லிய வாசிப்பை யாரிடம் கற்றாய் என்று இன்று எல்லோரும் கேட்கிறார்கள். அப்பாவின் தூக்கத்திடம் என்று பெருமையாகச் சொல்கிறேன். பக்கத்து அறையில் கேட்கும் உங்கள் குறட்டைதான் எனக்குத் தாளம். அதை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. ஆனாலும் நீங்கள் கூச்சப்படுவதை நம்மூரில் பாடமாட்டேன். விழாவுக்கு மட்டும் வந்துவிடுங்கள். இதுவரை நீங்கள் என் பாட்டை நேரில் கேட்டதே இல்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

உங்கள்
பிரியா

நெய்வேலி
16.12.2024

என் பிரியாவுக்கு,

நேரில் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். அது தப்பு. நான் விழித்திருந்தால் நீ வெட்கப்பட்டுக் கிதாரை உறையில் போட்டுவிடுவாய். அதனால் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். நீ வாசித்து முடித்த பிறகுதான் எனக்குத் தூக்கமே. உன் பள்ளிக் கோடை விடுமுறைகளில் தனகோடியின் நைட் ஷிஃப்டையும் கேட்டு வாங்கிக்கொள்வேன். எதற்கென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

அந்தப் பாட்டையே பாடு. என் ஷிஃப்ட் ஆட்களை அழைத்து வந்து முதல் வரிசையில் உட்காருவேன். கதை சொல்லும்போது ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள். தூங்குகிறவன் எங்கேயாவது தாளம் தப்பாமல் குறட்டை விடுவானா? நீ வேகம் கூட்டினால் நானும் கூட்டுவேன். மைன்ஸ் முழுக்கத் தெரியட்டும்.

இப்படிக்கு உன் பக்கவாத்தியம்,
சிங்காரவேலு