துரை வர முந்தி இறங்கினன்

11 பெப்ரவரி 1996
தமிழ்ச் சங்கத்து இரத்தினவேல் அண்ணை ரெலிபோன் எடுத்தார். விழாவுக்கு உடன்கட்டை ஒழிப்பு நாடகமாம். புருஷனோட எரியப்போற பொம்பிளையை வெள்ளைக்காரத் துரை வந்து காப்பாத்துறார். மேடையில பொட்டழிக்க, கலியாணம் கட்டின பெண்டுகளுக்குப் பயமாம்.

"குணவதி, உமக்கெண்டாப் பிரச்சினை இல்லைத்தானே?"

இல்லைத்தான். என்ர மனிசன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். அழிக்கப் பொட்டே இல்லை! சிரிச்சுக்கொண்டு ஓமெண்டன். போனை வைச்ச பிறகுதான் சுட்டது.

18 பெப்ரவரி
ஒத்திகை. பிணமாக் கிடந்த ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை குறட்டை விட்டார். நான் அழுதமாதிரித்தான்! துரை வேஷம், பிறம்ரன் நகரத்தில ட்ரக் ஓடுற றெமிஜியஸுக்கு.

2 மார்ச்
குத்துவிளக்கை ஆர் ஏத்துறதெண்டு கதை வந்தது. "அம்மா ஏத்தட்டுமே" எண்டாள் என்ர மகள் நிலாணி. இரத்தினவேல் அண்ணை தொண்டையைச் செருமினார். "நல்ல காரியம்... சுமங்கலியள்தான் பிள்ளை." அவரின்ர மனிசி தவமலர் அக்கா நிலத்தைப் பார்த்தா.

விதவையை எரிக்கக்கூடாதெண்டு நாடகம். அவ நெருப்புக்குச்சி தொடக்கூடாதெண்டு சட்டம்!

இதை நான் அங்கயே கேட்டிருக்கவேணும்.

16 மார்ச்
விழா. வெளியில பனி கொட்டுது. 401 நெடுஞ்சாலையில விபத்தாம், துரையைக் காணேல்லை. நான் சிதையில நிக்கிறன். ஐயர் அதே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுறார். திரைக்குப் பின்னால இரத்தினவேல் அண்ணை, "நேரத்தை இழு, இழு" எண்டு கை காட்டுறார்.

எவ்வளவு நேரம்தான் அழுறது? இறங்கினன்.

"துரை வாற நேரம் வரட்டும். எனக்கு எரிய விருப்பமில்லை."

பிணம் எழும்பி இருந்தது. "எனக்கும் விருப்பமில்லையப்பா!"

மண்டபமே சிரிச்சுது. நான் விடேல்லை. "விளக்கேத்த விடமாட்டியள். எரிய மட்டும் விடுவியளோ?"

எழுதாத வசனம். என்ர வாயோ அது? சிரிப்பு நிண்டிட்டுது. முன்வரிசையில ஒராள் எழும்பிக் கைதட்டினா — தவமலர் அக்கா! பிறகு எத்தினை பேர்!

எல்லாம் முடிய றெமிஜியஸ் தொப்பியோட ஓடிவந்தான். "அன்ரி, பிந்திட்டனோ?"

"பரவாயில்லை தம்பி. நான் இறங்கிட்டன்."

17 மார்ச்
இரத்தினவேல் அண்ணை கோவிலில கண்டும் காணாதமாதிரிப் போனார். போகட்டும்.

5 மே
தவமலர் அக்கா வீட்டுக்கே வந்திட்டா. மகள் கஜனிக்கு ஆவணியில கலியாணமாம். "நீர்தான் பொம்பிளை மாப்பிளைக்கு ஆலாத்தி எடுக்கவேணும்."

"அண்ணை?"

"அவருக்குச் சொல்லியாச்சு. கேக்கேல்லை, சொன்னனான். நல்ல நிறமா உடுத்துக்கொண்டு வாரும்."

அவ போனபிறகு அலுமாரியைத் திறந்தன். எல்லாம் சாம்பல் நிறம். நாளைக்கு நிலாணியோட சீலைக்கடைக்குப் போறன்.