மானாம்பதி மலை சரிந்த ஞாயிறுகள்

5-4-1959, ஞாயிறு

இன்றும் அருள்தாஸ் தோற்றான். சூரியன் கிழக்கே உதித்தது என்று எழுதுவதும் இதுவும் ஒன்றுதான்.

ஏரி வற்றும் மாதங்களில் சேட்டு கொட்டகை போட்டுக் குஸ்தி நடத்த ஆரம்பித்து இது மூன்றாவது கோடை. மூன்று கோடையும் ஞாயிறு சாயங்காலம் 'ஏரிக்கரைச் சிங்கம்' வேதகிரி ஜெயிக்கிறான். 'மானாம்பதி மலை' அருள்தாஸ் மண்ணைக் கவ்வுகிறான். மலை என்று பெயர் வைத்தது நான்தான். ஆள் முருங்கைக் கிளை மாதிரி இருப்பான், அதனால் வைத்தேன். மற்ற நாளில் அவன் மணியக்காரர் பெருமாள் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவன். வேதகிரி அந்த மணியக்காரரின் மகன்.

மைக் என் கையில். வாரம் ஆறு நாள் டாக்டர் டிஸ்பென்சரியில் மிக்சர் கலக்கும் கம்பவுண்டர் ராஜாராம், ஞாயிறு ஆனால் உத்திரமேரூருக்கே வாய்.

"பெரியோர்களே! மலை இன்னிக்கி நிக்குமா, சரியுமா? சரியும்னு நெனைக்கிறவங்க கை தட்டுங்க!"

தட்டினார்கள் பாருங்கள்! தரை டிக்கெட்டிலிருந்து வேர்க்கடலைத் தோல் பறந்தது. வேதகிரி அவனைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் போட்டான். பலகை தொம் என்று அதிர்ந்தது. முன்வரிசை நாற்காலியில் மணியக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அருள்தாஸ் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, மேடை வைக்கோலைச் சரி பண்ணப் போனான். வைக்கோல் பரப்பும் வேலையை வேறு யாருக்கும் விடமாட்டானாம். அடி வாங்குகிற இடத்தை அவனே மெத்தை போட்டு வைத்துக்கொள்கிறான். வெட்கங்கெட்டவன்.

7-4-1959

மூன்று கோடையில் அருள்தாஸ் ஒரு தரம்கூட டிங்சர் போட டிஸ்பென்சரிக்கு வந்ததில்லை. வேதகிரிக்கும் ஒரு கீறல் கிடையாது. ஜெயிக்கிறவனுக்கு அடிபடாதது சரி. தோற்கிறவனுக்கு ஏன் படவில்லை? அடி விழுவதற்கு முன்பே படுத்துவிடுகிறான், வேறென்ன. பித்தலாட்டம்.

19-4-1959, ஞாயிறு

ஜெயம்மாள் இன்று கொட்டகைக்கு வந்தாள். கட்டிக்கொண்டவனின் குரல் ஊரெல்லாம் கேட்கிறதே, பெருமைப்படுவாள் என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்:

"அந்தாளு கைய பாத்தீங்களா?"

"எந்தாளு?"

"விழறவரு. தூக்கறப்போ அவரு கை வேதகிரி தொடைய அமுத்திக்கினு கீது. அவரா எகிறி மேல போறாரு. கீழ வர்றப்போ இவன் தோள புடிச்சிக்கினு எறங்கறாரு. யாரு யார தூக்கறாங்கோ?"

குஸ்தியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று சிரித்தேன்.

"குஸ்தி தெரியாது. பாரம் தூக்கறவங்கள தெரியும்" என்றாள். இன்று குழம்பில் உப்பில்லை. மறந்துவிட்டாளாம்.

24-4-1959

ஓரிக்கையில், பாலாற்று மணலில், மே 3-ஆம் தேதி பெரிய குஸ்தி. வேலூர்ப் பக்கத்துப் பயில்வான் ஒருவன் வருகிறான். மணியக்காரர் மகனை அனுப்பப் போகிறார். நோட்டீஸ் எழுதும் பொறுப்பு எனக்கு. 'மூன்றாண்டுகளாகத் தோல்வியே காணாத' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். யாரிடம் தோல்வி காணாத என்று சொல்ல நோட்டீஸில் இடம் போதவில்லை.

சேட்டு மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு, "போவாம இருந்தா நல்லாருக்கும்" என்றான். தன் கொட்டகைச் சிங்கத்தை ஓரிக்கைக்காரன் கொத்திக்கொண்டு போகிறானே என்று வயிற்றெரிச்சல்.

28-4-1959

டிஸ்பென்சரியின் பின்வாசலில் வந்து நின்றான் அருள்தாஸ். முதல் தடவையாக வருகிறான். அடிபட்டதா என்று பார்த்தால், இல்லை.

"கம்பவுண்டரே, சின்னவரு ஓரிக்கைக்கு போவக்கூடாதுங்க. நீங்க சொன்னா பெரியவரு கேப்பாரு."

"ஏன் போகக்கூடாது?"

"அந்தப் பயில்வான் நெசமா புடிக்கறவருங்க."

"அப்போ நம்ம ஆள் இன்னா, பொய்யாவா புடிக்கிறான்?"

தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் மெதுவாக, "சின்னவருக்கு நல்ல ஒடம்புதாங்க. ஆனா விழத் தெரியாது. மூணு வருசத்துல ஒரு தபா கூட விழலியே" என்றான்.

"விழாதவனுக்குப் பேர்தாண்டா பயில்வான்" என்றேன். எனக்கே என் வாக்கியம் பிடித்துப்போயிற்று. டாக்டரிடமும் ஒரு தடவை சொல்லிக் காட்டினேன்.

"எனக்கு பேஜாரா கீதுங்க."

"தோத்துத் தோத்து உனக்கு பயம் வியாதியாயிடுச்சு. மிக்சர் தரட்டுமா?"

போய்விட்டான்.

3-5-1959, ஞாயிறு

ஓரிக்கை. ஒரே பிடிதான்.

வேதகிரி வழக்கம்போலக் குனிந்து எதிராளியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். எதிராளி மேலே வரவில்லை. மறுபடி தூக்கினான். வரவில்லை. அப்போது வேதகிரியின் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை, கோபம்கூட இல்லை. ஆச்சரியம். தன் வீட்டுக் கதவைத் தள்ளினால் உள்ளே யாரோ தாழ் போட்டிருப்பதைப் பார்த்தவனின் முகம்.

அடுத்த நிமிஷம் அந்த வேலூர்க்காரன் அவனைத் தூக்கிப் போட்டான். வேதகிரி வலது கையை ஊன்றிக்கொண்டு விழுந்தான். விழத் தெரியாதவர்கள் எல்லாம் கையைத்தான் ஊன்றுவார்கள். பத்து வருஷமாகக் கட்டுப் போட உதவுகிற எனக்கு இது தெரியாதா? தோள் கழன்று, காறை எலும்பும் முறிந்தது. முறிந்த சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது.

4-5-1959

வந்து சொன்னானே — வேலை மெனக்கெட்டு நடந்து வந்து சொன்னானே! மிக்சர் தரட்டுமா என்று கேட்டேனே, என் வாயில் கொள்ளியை வைக்க.

6-5-1959

சேட்டைப் பிடித்து உலுக்கினேன். கக்கிவிட்டான்.

எல்லாம் பேசி வைத்ததுதான். ஆனால் பேசியது அருள்தாஸிடம் மட்டும். வேதகிரிக்குச் சொல்லவே இல்லை. "மணியக்காரர் புள்ளகிட்ட போயி, நீ ஜெயிக்கல, உன்ன ஜெயிக்க வெக்கறோம்னு எவன் சொல்றது? கொட்டகைய கொளுத்திடுவாரு" என்றான். ஆக, தூக்கியவன் தன் பலத்தால் தூக்கியதாகவே மூன்று வருஷம் நம்பியிருக்கிறான். எகிறி மேலே போனதும், தன் எடையை அவன் மேல் விழாமல் இறக்கியதும், பலகையில் காலால் ஓங்கி மிதித்து தொம் என்று சத்தம் எழுப்பியதும் அருள்தாஸ். எத்தனை ஞாயிறு! இருவரில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. அதைத்தான் நான் பித்தலாட்டம் என்று போன மாதம் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு அவன் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை? எப்படிச் சொல்வான். படி அளக்கிற வீட்டுப் பிள்ளையை நான்தான் தூக்கிவிட்டேன் என்று ஏர் ஓட்டுகிறவன் சொன்னால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவன் சொல்ல முடிந்த அளவு சொன்னான். காது எனக்குத்தான் இல்லை.

10-5-1959

மணியக்காரர் தீர்ப்பு: "அந்த நோஞ்சானோட மல்லு கட்டிக் கட்டித்தான் என் புள்ள பலம் போச்சு." அருள்தாஸுக்கு ஏர் வேலையும் கிடையாது, கொட்டகை வேலையும் கிடையாது. தாமல் ஏரிக்கரைக்கு மண் சுமக்கப் போய்விட்டான்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மைக் இல்லாவிட்டால் எனக்குப் பேச வராது போலிருக்கிறது.

17-5-1959, ஞாயிறு

'நிஜக் குஸ்தி' என்று சேட்டு தண்டோரா போட்டான். இரண்டு பெரிய வீட்டுப் பிள்ளைகள். இருவரும் தோற்க மாட்டார்கள். நாற்பது நிமிஷம் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, ரயிலடியில் வழியனுப்ப வந்த சம்பந்திகள் மாதிரி நின்றார்கள். கடைசியில் ஒருத்தன் கடித்தான். பெஞ்சு டிக்கெட்டில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். வைக்கோலை எவனோ ஏனோதானோவென்று பரப்பியதில் ஒருவனுக்குத் தொடையில் ஆணி கிழித்தது. டிங்சர் நல்ல செலவு.

சேட்டு கொட்டகையைப் பிரித்துவிட்டான்.

20-3-1960

கோடை வந்ததும் ஊருக்கு அருள்தாஸ் ஞாபகம் வந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர்: "அதெல்லாம் ஒரு காலம்யா! அந்த ஆள் விழற அழகு இருக்கே!" இன்னொருவர்: "எனக்கு அப்பவே தெரியும், அதுல வேலையே அவருதுதான்னு." இந்த இன்னொருவர் வேர்க்கடலைத் தோல் வீசினவர். ஒரு வருஷத்தில் 'அவன்' எல்லாரிடமும் 'அவர்' ஆகிவிட்டான். எல்லாருக்கும் அப்பவே தெரியுமாம்.

நானும் எனக்கு அப்பவே தெரியும் என்று சொல்லியிருப்பேன். இந்த நோட்டுப் புத்தகம் இருந்து தொலைக்கிறது. பழைய பக்கங்களைக் கிழிக்கலாமா என்று ஜெயம்மாளிடம் கேட்டேன்.

"கிழிங்க. எனக்கு தெரியுமே, அது போதும்" என்றாள். கிழிக்கவில்லை.

3-4-1960

நானும் சேட்டும் தாமலுக்குப் போய் அவரைக் கூப்பிட்டோம். வேதகிரியும் கூடவே வந்தான். அவன் வலது தோள் இன்னும் முழுதாக உயராது. மூன்று வருஷமும் தூக்கியது யார் என்பது ஓரிக்கையிலேயே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். யாரையும் பார்க்காமல், "இந்த தபா நான் விழறேன். நீ ஜெயி" என்றான்.

அருள்தாஸ் மண்கூடையைக் கீழே இறக்கி வைத்தார். "பெரியவரு?"

"நைனாகிட்ட நான் பேசிக்கறேன்."

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பாலாற்றில் தண்ணீர் வருமா என்பது பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

10-4-1960, ஞாயிறு

மணியக்காரர் வரவில்லை. அவர் நாற்காலி காலி. மற்றபடி கூட்டம் ஏரி உடைந்த மாதிரி.

அருள்தாஸ் வேதகிரியைத் தூக்கினார். நிஜமாகவே தூக்கினார், அந்த முருங்கைக் கிளை! வேதகிரிக்கு எகிறத் தெரியவில்லை. நெல் மூட்டையாகக் கனத்தான். இப்போது எனக்கும் கண் இருக்கிறது, கையைத்தான் பார்த்தேன். விழும்போது அருள்தாஸின் இடது கை அவனுடைய வலது தோளுக்கு அடியில் போயிற்று. மொத்த எடையும் அந்தக் கையில். வேதகிரி இடது பக்கமாக, வைக்கோல் மேல், பத்திரமாக இறங்கினான்.

ஏர் ஓட்டினவர் நிற்கிறார்; மணியக்காரர் மகன் மல்லாந்து கிடக்கிறான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "ஜெயிச்சவர், மானாம்பதி அருள்தாஸ்."

கை தட்ட ஆரம்பிக்க ஊருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

11-4-1960

டிஸ்பென்சரியில் காலை முழுக்க அதே பேச்சு. "வேதகிரி என்னமா விழுந்தான்! தோள் சரியில்லாத ஆளு, ஒரு அடி படல பாரு!" "விழறதுல அவன அடிச்சிக்க ஆள் கிடையாது." "பெரிய மனசு, வுட்டுக் குடுத்தான்."

ஜெயித்தால்தான் பெருமை என்று இருந்தவரை ஜெயித்தவன் வேதகிரி. விழுவதுதான் வித்தை என்று ஊருக்குப் புரிந்த மறுநாளே, அந்த வித்தையும் வேதகிரியுடையது. வாழ்க ரசிகர்கள்! எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்றால், இருமல் மிக்சரில் ஒருவருக்கு இரட்டைக் கசப்பு சேர்த்துவிட்டேன்.

12-4-1960

அருள்தாஸ் வந்தார். பின்வாசலில்தான் நின்றார், உள்ளே வரச் சொன்னேன். இடது மணிக்கட்டு பூசணிப் பிஞ்சாக வீங்கியிருந்தது. நாலு வருஷத்தில் அந்தக் கொட்டகையில் அவருக்குப் பட்ட முதல் அடி.

டாக்டர் பார்த்துவிட்டு, கட்டுப் போடச் சொல்லிப் போனார். கட்டினேன். ஊர் பேசுவதைச் சொன்னேன். சிரித்தார்.

"பேசிக்கினு போவட்டும். தோள் பொயச்சிச்சே."

ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்: பெயர், ஊர், அடிபட்ட விதம். "வைக்கப்போரு போட்டப்போன்னு எழுதிக்கோங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, 'வேதகிரி விழும்போது அவரைக் கையால் தாங்கியதால்' என்று எழுதினேன்.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றபடியே, தலைகீழாக, எழுத்து எழுத்தாகப் படித்தார். அவருக்குப் படிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நான் எழுதிய நோட்டீஸ் எல்லாம் அவர் வழியில்தானே ஒட்டியிருந்தன.

"அத அடிச்சிடுங்க கம்பவுண்டரே."

அடிக்கவில்லை.