லெமுவேலைக் கண்டெடுத்துக் கொடு

அன்பு மகள் கோரின்னுக்கு,

அப்பா எழுதுகிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைக்காதே. போன் அடித்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவள் காதுபட இதைப் பேச முடியாது.

இங்கே மிசிசிப்பியில் மழை விட்டபாடில்லை. என் முழங்கால் வலியும் அப்படியேதான். அது கிடக்கட்டும். நீ எழுதும் பேய்த் தொடரை டிவியில் ஊரே பார்க்கிறது. முதல் வாரம் உன் அம்மா சிரித்துவிட்டாள். "பேய்க்குக் கொம்பு வச்சிருக்கா பாரு உன் பொண்ணு. என் தம்பியைத் தூக்கிட்டுப் போனவங்களுக்குக் கொம்பெல்லாம் இல்ல. எங்க வீட்டுல முட்டை வாங்குன வெள்ளைக்காரங்கதான்" என்றாள். உன் லெமுவேல் மாமாவைப் பற்றி அவள் வாய் திறந்ததே அன்றுதான். உனக்குக்கூட நான்தானே சொன்னேன்; அதை வைத்துத்தானே பேய் தூக்கிப்போகும் அந்தப் பையனை நீ எழுதினாய்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாவு வீட்டுக்கு உடுத்தும் வெள்ளை உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். தொடர் முடியும் கடைசி வாரத்துக்குப் பாதிரியாரையும் சபையாரையும் வீட்டுக்கு அழைத்தாயிற்று. கோழி பொரிக்க ஆளும் சொல்லியாயிற்று. புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து, அது வெறும் கதைதானே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கொண்ணும் பைத்தியம் பிடிக்கல, எல்லிஸ். அவன் செத்துட்டான்னு தெரியும். சிகாகோவுக்கு ஓடிட்டான்னு அந்தப் போலீஸ் ஷெரீப் சொன்னான். அதை நம்பி எங்கம்மா கடைசிவரைக்கும் அழக்கூட இல்ல. நம்ம பொண்ணு அவ கதையிலயாவது அவனைக் கண்டெடுப்பா. அன்னைக்கு அவனை அடக்கம் பண்ணிடலாம்" என்றாள்.

தொடருக்கு நீ சொன்ன முடிவு எனக்கு நினைவிருக்கிறது. பையன் சதுப்புக்குள் நடந்து மறைந்துவிடுகிறான். என்ன ஆனான் என்று பார்ப்பவர்களே யோசிக்கட்டும் என்றாய். உன் அம்மா அறுபது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள், கண்ணே.

படம் பிடித்து முடித்தாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் மேலதிகாரிகளிடம் கெஞ்சு. வேண்டுமானால் நானே வந்து அவர்கள் காலில் விழுகிறேன். சபையார் முன்னால் அவளை வெறுங்கையோடு உட்கார வைத்துவிடாதே.

கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். பையனைப் பிழைக்க வைக்கச் சொல்லவில்லை. அவனைத் தண்ணீரிலிருந்து எடுத்து, முகம் துடைத்து, அவன் அக்கா முன்னால் கிடத்திவிடு. அது போதும்.

உன் அப்பா,
எல்லிஸ் டாலிவர்