கொடிக்காலில் செருப்பு

மாதேஸ்வரசாமி துணை

மைசூரு
புரட்டாசி கடைசி வாரம்

அன்பு மகள் ஜோதிமணிக்கு அம்மா எழுதிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி அனுப்ரியாவும் ஒரு நோவு நொடி இல்லாம இருக்கணும்னு தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கறேன். என்னைக் கேட்டா, எந்திரிக்கிறேன், வெத்தலைக் கொடிக்காலுக்குப் போறேன், வர்றேன், படுக்கிறேன், அவ்வளவுதான். உடம்புக்கு ஒண்ணுமில்ல கண்ணு, அலுப்புதான், தூங்கி எந்திரிச்சாலும் போகாத அலுப்பு. ஃபோன் இருக்கையில எதுக்குக் கடிதாசின்னு நினைப்பே. ஃபோன்ல உன் சித்தப்பன் சேகரன் பேரை எடுத்தாலே நீ வெச்சிடுறே. காகிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கிறதா இருந்தாலும் படிச்சிட்டுத்தான் கிழிப்பே. அதான் மூணு நாளா மத்தியானத்துல உக்காந்து எழுதுறேன், நாலாங்கிளாஸ் எழுத்து, தப்பு இருந்தா பொறுத்துக்க.

முதல்ல உங்க ஊர் சமாச்சாரம். போன வாரம் நீ சொன்னதுல இருந்து எனக்கு நெஞ்சு ஆறல. ஒடிசாவுல உங்க குவார்ட்டர்ஸ்ல துணி துவைக்கிற கல்லுகிட்ட கருப்பா ஒரு பாம்பு இருந்துச்சு, மேல வெள்ளை வெள்ளையா வளையம், வாட்ச்மேன் தடியால அடிச்சுப் போட்டாருன்னு ஏதோ கரப்பான் அடிச்ச மாதிரி சொன்னே. அது கட்டுவிரியன் அம்மிணி. அது பகல்ல சோம்பேறி, இருட்டினாத்தான் நடமாட்டம். எலி, பல்லி, சின்னப் பாம்புன்னு தேடிக்கிட்டு வீட்டுக்குள்ளயே வந்துடும். தரையில படுத்திருக்கிறவங்க பக்கத்துல வந்து, அவங்க புரண்டு மேல விழுந்தா கடிச்சிடும். கடிச்சது எறும்பு கடி அளவுகூட தெரியாதாம், வீக்கமும் இருக்காதாம். அப்புறம் வயித்து வலி வரும், வாந்தி வரும், கண் இமை தானா தொங்கும், பேச்சு குழறும். கேஸ் பிடிச்சிருக்குன்னு ஓமத்தண்ணி குடுத்து உக்காந்திராதே, காரணம் தெரியாம அப்படி ஆனா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும், விஷமுறிவு ஊசி அங்கதான் இருக்கும். வேர்வைக்கு சுகமா இருக்குன்னு புள்ளையைத் தரையில போட்டுத் தூங்குறதை இன்னையோட விடு. கட்டில்ல படுங்க, கொசு வலையை மெத்தைக்கு அடியில சொருகுங்க, இருட்டுல கால் வைக்கிறதுக்கு முன்னால டார்ச் அடிங்க. அரிசி மூட்டைகிட்ட எலிப் புழுக்கை கிடந்தா அதைப் பாத்து பயப்படு, எலி இருக்கிற இடத்துக்குத்தான் அது வரும். அடிக்கப் போகாதீங்க, அடிக்கப் போய் கடி வாங்கினவங்கதான் நிறைய. தள்ளி நின்னு, எங்க போகுதுன்னு கண்ணை எடுக்காம பாத்து, புடிக்கத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, ஹரிப்ரசாத்னு ஒருத்தர், காலேஜ்ல வாத்தியார், இந்தப் பக்கம் பாம்பு வந்தா ஸ்கூட்டர்ல வந்து புடிச்சிட்டுப் போவார். உங்கப்பா போன பதினஞ்சாம் நாள் கொடிக்கால்காரங்க எல்லாம் சேர்ந்து அவரைக் கூட்டிட்டு வந்தாங்க, உங்கப்பாவைக் கடிச்ச அந்தக் கண்ணாடி விரியனைக் கண்டுபிடிச்சுக் கொல்லணும்னு. அவர் கொல்ல மாட்டேன்னுட்டார். டீயைக் குடிச்சிட்டு வாய்க்கால் ஓரமா உக்காந்து எங்களுக்குச் சொன்னார். கூட இலை கிள்ளுற பசம்மா, சார், நாங்க அடிக்க வந்த முகத்தை அது ஞாபகம் வெச்சிருந்து பழி வாங்குமான்னு கேட்டா. அவர் சிரிச்சிட்டு, என்கிட்ட படிக்கிற புள்ளைங்க முகமே எனக்கு ஞாபகம் இருக்க மாட்டேங்குது, பாம்புக்கு உங்க முகம் எதுக்கும்மான்னார். மத்த பாம்பு காலடி அதிர்ந்தா நகர்ந்துடுமாம், விரியன் மட்டும் நகராம சருகுக்குள்ள சருகா சுருண்டு கிடக்குமாம், நம்மைப் பாத்து ஒளிஞ்சுக்கறதா அதுக்கு நினைப்பாம். கிட்டப் போனா குக்கர் மாதிரி சீறும், சில நேரம் சீறாமயே மிதி வாங்கிடும், மிதிச்சா கடிக்கும். மிதிச்சா யாருதான் கடிக்க மாட்டா. அது உங்கப்பாவைத் தேடிக்கிட்டு வரல கண்ணு. கொடி ஏத்தி விட்டிருக்கிற அகத்தி அடியில சருகு குவிஞ்சிருந்துச்சு, அதுல எலி இருந்துச்சு, எலிக்காக அது இருந்துச்சு, விடியாத நேரத்துல அவரு வெறுங்காலை அங்க வெச்சாரு.

வெறுங்கால்னு எழுதறப்பவே கை நின்னு போச்சு, நேத்து இதோட எடுத்து வெச்சிட்டேன். இன்னைக்கு எழுதிடணும். கொடிக்காலுக்குள்ள செருப்போட போகக் கூடாதுங்கறது உனக்குத் தெரியும், சின்னப் புள்ளையில நீயும் படலுக்கு வெளியில கழட்டிட்டுத்தான் உள்ள வருவே. வெத்தலைக் கொடி லட்சுமி, செருப்பு பட்டா கொடி அழுகிடும்னு நம்ம சனத்துல சொல்லுவாங்க, இங்க கன்னடக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. போன வருஷம் ஆவணியில மாப்பிள்ளை கம்பெனியில குடுக்கிற முழங்கால் வரைக்குமான கருப்பு பூட்ஸை உங்கப்பாவுக்கு அனுப்பினே. அப்பா காலு வெடிச்சுக் கிடக்கு, பூச்சி பொட்டு இருக்கிற இடம், போட்டுக்கச் சொல்லுன்னு நாலு வாட்டி ஃபோன் பண்ணினே. அவரும் போட்டாரு. பசம்மா அவரைப் பாத்து, லிங்கப்பண்ணா இலை கிள்ளப் போறாரா மிலிட்டரிக்குப் போறாரான்னு கிண்டல் பண்ணுவா. அவரு, ஒடிசா மருமகன் அனுப்பினதாக்கும், காலைக் கழட்டினாலும் இதைக் கழட்ட மாட்டேன்னு சொல்லிக்கிட்டு நெஞ்சை நிமித்திட்டு நடப்பாரு. சேகரன் மேஸ்திரி ஆச்சே, உள்ள வராதேன்னு சொல்லியிருக்கலாம். அவன் ஒரு வார்த்தை சொல்லல. எஜமானர் கேட்டப்பகூட, அண்ணனுக்குக் கால்ல புண்ணுங்க, டாக்டர் சொல்லியிருக்காருன்னு பொய் சொல்லிச் சமாளிச்சான்.

அப்புறம் புரட்டாசி மழையில கிழக்கு மூலையில கொடி அழுகுச்சு. ஒரு வரிசை, ரெண்டு வரிசை, அடித்தண்டு கருத்து அப்படியே சாஞ்சிடுச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல, ஆனா எல்லாரும் பூட்ஸைப் பாக்கிற மாதிரி எனக்குத் தோணுச்சு. எனக்கு பயம் வந்திருச்சு. உங்கப்பாகிட்ட கழட்டச் சொன்னேன், சிரிச்சாரு. மறுநாள் அவரு குளிக்கிறப்ப அந்த பூட்ஸை உரச்சாக்குல சுத்தி, தெருவுல வந்த பழைய சாமான்காரன் வண்டியில போட்டுட்டேன். ஆமாம் ஜோதி, நான்தான். சேகரன் இல்ல. வீட்டு வாசல்ல நின்னு அவன் பாத்தான், எதுக்கு அண்ணி, அண்ணன் ஆசையா போட்டுக்கறதுன்னு கேட்டான், உன் வேலையைப் பாருன்னு வாயை அடைச்சேன். உங்கப்பா தேடிட்டு, நான் விஷயத்தைச் சொன்னதும், சரி விடு, உனக்குப் பயமா இருந்தா வேணாம்னு சொல்லிட்டு வெறுங்காலோட போயிட்டாரு. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. அடுத்த மாசம் அது நடந்துச்சு.

நீ ரெண்டு ரயில் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப அவருக்குக் கிட்னி நின்னு நாலு நாள். வந்ததும் பூட்ஸ் எங்கேன்னுதான் கேட்டே. கூட்டத்துல யாரோ கொடிக்காலுக்கு மேஸ்திரி சேகரன், சட்டம் எல்லாம் அவன் சட்டம்னு சொன்னாங்க. நீ அவன் சட்டையைப் புடிச்சு, கொன்னுட்டியே சித்தப்பா, ஒரு வெத்தலைக்காக உன் அண்ணனைக் கொன்னுட்டியேன்னு கத்தினே. அவன் ஒரு தடவை என் முகத்தைப் பாத்தான். அப்புறம் தலையைக் குனிஞ்சிட்டான். எனக்கு வாய் இருந்துச்சு, திறக்கல. நேரம் கடத்தினான்னும் அவனைச் சொன்னே, அதுவும் இல்ல. கடிச்ச அரை மணியில ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தாரு. பயத்துல துண்டால கட்டினான், உங்கப்பாவை ரோடு வரைக்கும் நடக்க விட்டான், கட்டக் கூடாது, நடக்க விடக் கூடாது, ஆடாம அசையாம தூக்கிட்டு வரணும்னு டாக்டர் அப்புறம்தான் சொன்னாரு, அது அன்னைக்கு எங்க யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலயும் ஒரு குறை சொல்ல முடியாது, ஊசி உடனே போட்டாங்க.

காரியம் முடிஞ்ச மறுநாள் நான் அவன்கிட்ட அழுதேன், நான் சொல்லிடுறேன் சேகரான்னேன். வேணாம் அண்ணி, அவளுக்கு அப்பன் போயாச்சு, அம்மாவும் போயிடக் கூடாது, என்னை வெறுத்தா ஒரு சித்தப்பன்தானே போறான்னான். நானும் அதுல ஒளிஞ்சுக்கிட்டேன். பதினோரு மாசம். இப்பவும் விடியக்காலையில நான் உள்ள போறதுக்கு முன்னாடி அவன்தான் தடியால சருகைத் தட்டிக்கிட்டு முன்னால நடப்பான், அகத்தி அடியைக் கூட்டி வைப்பான். நான் பின்னாலயே போவேன், அவன் முதுகைப் பாக்க முடியாம தரையைப் பாத்துக்கிட்டே போவேன்.

இப்ப ஏன் சொல்றேன்னு கேட்டா, இந்தப் புரட்டாசியிலயும் கிழக்கு மூலை அழுகிடுச்சு கண்ணு. ஒருத்தர் கால்லயும் ஒண்ணும் இல்ல, எல்லாரும் வெறுங்கால்தான். தோட்டக்கலை ஆபீஸ்ல இருந்து வந்த புள்ளை மண்ணைத் தோண்டிப் பாத்துட்டு, மூலை பள்ளமா இருக்கு, தண்ணி நிக்குது, அதான் வேர் அழுகல்னு சொல்லுச்சு. செருப்பு பட்டா வருமான்னு கேட்டேன். நோய் மண்ணு ஒட்டினா செருப்புலயும் வரும், வெறுங்கால்லயும் வரும் அம்மா, கழுவிட்டு வந்தா போதும்னுச்சு. ஒரு பக்கெட் தண்ணியில கழுவுற விஷயத்துக்கு நான் அவரை விட்டுட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் நானே எஜமானர்கிட்ட போயி, இனி பூட்ஸ் இல்லாம ஒருத்தரும் உள்ள இறங்க மாட்டோம், கொடி அழுகினா என்னை வேலையை விட்டு நிறுத்துங்கன்னு சொல்லிட்டேன். மூணு பேருக்கு பூட்ஸ் வந்திருக்கு, மத்தவங்களுக்கு வரும்னு சொல்லியிருக்காரு. படலுகிட்ட வாளியில தண்ணி வெச்சு கழுவிட்டு இறங்குறோம்.

உங்கப்பாவோட வருஷ திதி அடுத்த மாசம் வருது. சித்தப்பன் இருந்தா நான் வர மாட்டேன்னு நீ சொன்னதை அவன்கிட்ட நான் சொல்லல, யாரு சொன்னாங்களோ, அவன் அன்னைக்கு மார்டள்ளி ஊருக்குப் போயிடறேன் அண்ணி, புள்ளை வரட்டும்னு பையைக் கட்டி வெச்சிருந்தான். கொள்ளி வெச்சவன் அவன், உங்கப்பாவுக்குப் புள்ளையா நின்னவன், திதி அன்னைக்கு அவன் ஊரு மாறிப் போகணுமா. நான் பையைப் பிரிச்சு துணியெல்லாம் கயித்துக் கொடியில போட்டுட்டேன். அவன் இருப்பான் ஜோதி. அவன் இருந்துதான் நடக்கும். நீ வர்றதும் வராததும் உன் மனசு. கோபம் எங்க போகணுமோ அங்க போகட்டும், வீட்டுக்கு வந்து என்கிட்ட கத்து, பேசாம இரு, என் கையால சாப்பிட மாட்டேன்னாலும் பசம்மா வீட்டுல சொல்லி வெக்கிறேன். நான் எங்கயும் போயிட மாட்டேன், எப்பவும் உன் அம்மாதான். மன்னிக்கச் சொல்லி எழுதல, அதைக் கேக்க எனக்கு வாய் இல்ல.

மாப்பிள்ளை சிவகுமாருக்கு என் ஆசீர்வாதம் சொல்லு, அவரு அனுப்பின பொருளை நான் என்ன செஞ்சேன்னு அவருக்கும் படிச்சுக் காட்டு. நீங்க மூணு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும், மலை மாதேஸ்வரன் காப்பாத்துவான். ரயில் எந்த நாள், எத்தனை மணின்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. ஸ்டேஷனுக்குச் சேகரன்தான் வருவான், கடிதாசி எழுதினது அவனுக்குத் தெரியாது, கூட்டத்துல தள்ளி நிப்பான், கிட்ட வர மாட்டான். நீ ஒண்ணும் பேச வேண்டாம் கண்ணு. அனுப்ரியாவை முதல்ல இறக்கி அவன் கையில குடு.

இப்படிக்கு
உன் அம்மா
லி. சித்தம்மா