இடைவேளைக்குப் பிறகும் எழாதவருக்கு

சங்ககிரி கிறிஸ்தவ ஆலயக் கூடம் இந்த ஞாயிறு மாலை நமக்குக் கிடைத்திருக்கிறது. சபைக் குழுச் செயலாளரே மூன்று நாளைக்கு முன் வீட்டுக்கு வந்து சொன்னார். சாவியையும் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் சாவிதான். டயர் வடிவ ரப்பர் வளையம் இன்னும் அதில் தொங்குகிறது. முகர்ந்து பார்த்தேன். உங்கள் கடை வாசனை.

நீங்கள் மாதாமாதம் சினிமாவையும் பாட்டையும் வைத்து நடத்திய கூட்டம், நீங்கள் கண்மூடியதோடு நின்றுவிட்டது. 'சினிமாப் பேச்சுக்கு ஆலயக் கூடம் எதற்கு?' என்று அப்போதே கேட்டவர்கள் குழுவில் இருக்கிறார்கள். இப்போது ஒரே ஒரு கூட்டத்துக்குச் சம்மதித்திருக்கிறார்கள். அது சரியாக அமையாவிட்டால் கூடம் இனி கிடையாது. பேசப் போவது, மாரியம்மன் கோயிலுக்குப் போகிற நான்.

லாரி வேலைநிறுத்தச் செய்திக்காக உங்கள் டயர் கடைக்கு வந்தவன் நான். கடையில் ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டில், வீட்டை விட்டு ஓடிப்போன மகன் திரும்பி வருகிறான். அப்பா ஒன்றும் கேட்காமல் இலை போடுகிறார். வேலைநிறுத்தப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு நீங்கள் ஒலியைக் கூட்டினீர்கள்.

"இது எங்க ஆண்டவர் சொன்ன கதைங்க."

"பாட்டு எழுதுனவரு அப்படிச் சொன்னாருங்களா? ஆதாரம்?"

"ஏனுங்க நிருபரே, அந்த அப்பன் திட்டாமச் சோறு போடறானே, அதைவிட என்ன ஆதாரம் வேணுமுங்க?"

கையை விரித்து நிற்கிற கதாநாயகனையெல்லாம் சிலுவையில் ஏற்றிவிடுவீர்கள் போலிருக்கிறதே என்று கிண்டல் செய்தேன். "கையை விரிச்சதுக்கும் மெழுகுவத்தி காட்டுனதுக்கும் இல்லீங்க," என்றீர்கள். "தப்புப் பண்ணாதவன் அடி வாங்கோணும், பண்ணுனவன் ஊட்டுக்குப் போகோணும். அந்த எடம் வந்தாத்தான் நான் பேசுவேன்."

கூட்டத்துக்குச் சபையாரைவிட லாரி டிரைவர்கள்தான் அதிகம் வருவார்கள். ஒரு ஞாயிறு, தம்பியைக் கொன்றவனைக் கட்டிப்பிடித்து மன்னிக்கிற கதாநாயகனைப் பற்றி உருகிப் பேசினீர்கள். பின்வரிசையில் ஒரு டிரைவர் எழுந்தார்.

"ஐயா, இடைவேளைக்கப்பறம் அந்த ஆளையே வெட்டிப்போட்டுட்டானுங்க. நீங்க பாக்கலீங்களா?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"டயர் லோடு வந்துருச்சுன்னு போன் வந்துதுங்க சாமி, பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்," என்றீர்கள். மறுபடியும் சிரிப்பு. அது அடங்கியதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "அப்படீன்னா அவனுக்கும் மன்னிப்பு வேணுமுங்க. முழுசாப் பாத்துட்டு வாரேன், மீதியப் பேசுவோம்."

அடுத்த கூட்டத்தில் அந்த டிரைவர் கூட்டாளிகளோடு முன்வரிசையில் இருந்தார்.

அதற்குப் பிறகு எந்தப் படத்துக்குப் போனாலும், திரையில் கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை நீங்கள் எழுந்ததில்லை. பஸ் போய்விடும் என்று நான் முனகிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். இப்போது எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைக்காகச் சேலத்தில் ஒரு புதுப் படம் பார்த்தேன். கூட வேலை பார்ப்பவன் செய்த தவறைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஒரு கண்டக்டர் வேலையை இழக்கிறார். தவறு செய்தவன் வீட்டுக்குப் போகிறான். நீங்கள் சொன்ன இடம். கடைசிக் காட்சியில் அவன் தானாகத் திரும்பி வந்து உண்மையைச் சொல்கிறான். பஸ்ஸுக்காக எழுந்திருந்தால் அது எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இயக்குநரைப் போனில் பிடித்து, உங்கள் வேதக் கதையை மனதில் வைத்து எழுதினாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அதையும் கூட்டத்தில் சொல்லத்தான் போகிறேன். சொன்ன பிறகும் அந்தக் காட்சி நிற்கும் என்று நம்புகிறேன்.

அந்த டிரைவரையும் அழைத்திருக்கிறேன். "வாரேனுங்க. பின்னாடிதான் உக்காருவேன். தப்பாச் சொன்னா எந்திரிப்பேன்," என்றார்.

கூடம் தொடர்ந்து கிடைக்குமா என்பதைக் குழு திங்கள் மாலை கூடி முடிவு செய்யும். அதுவரை சாவி என் சட்டைப்பையில் இருக்கும்.